கை இறுகும் நேரம்

மாப்ள,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் போடாததற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை. வலது கட்டைவிரல் வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை. எப்படி வீங்கியது என்பதுதான் மீதிக் கடிதம், அதனால் குசலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் தலையில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்கிறாள். வேலை அதே வேலை. உன் முதுகுவலிக்கு அந்தப் பழைய நாற்காலிதான் காரணம் என்று போன கடிதத்திலேயே சொன்னேன். தூக்கி எறி.

விஷயத்துக்கு வருகிறேன். பைக்கில் ரோலிங் ஸ்டாப்பி பழகுகிறேன்.

சிரித்து முடித்தாயா? நானும் சிரித்தேன். நீ வீலி அடிக்கும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு உன் சட்டையைப் பிடித்துக் கிழித்தவன் நான். எனக்கு 42 வயதில் இந்த ஆசை. ஆனால் வீலியில் எனக்கு அன்றும் ஆசை வந்ததில்லை, இன்றும் இல்லை. அது சத்தம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் முன்சக்கரம் எழுகிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். (திட்டாதே.) ஸ்டாப்பி அப்படியில்லை. வேகத்தைக் குறைக்கிற செயலிலேயே வண்டி எழுந்து நிற்கிறது. எனக்கு அது ஏதோ மந்திரம் மாதிரி இருந்தது.

சாதாரண ஸ்டாப்பி உனக்குத் தெரியும். முன்பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கும், வண்டி நிற்கும், தொப்பென்று இறங்கும். ரோலிங் ஸ்டாப்பியில் வண்டி நிற்பதில்லை. பின்சக்கரம் காற்றில் இருக்க, முன்சக்கரம் மட்டும் உருண்டுகொண்டே போகும். முதலாவதைக் கற்றவன் இரண்டாவதில் பாதி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். உண்மையில் முதலாவதில் கை பழகிய பழக்கத்தை இரண்டாவதற்காக மறக்க வேண்டியிருந்தது.

அதைக் கொஞ்சம் கணக்காகச் சொல்கிறேன். இயற்பியல் பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவன் நீ, இதையும் நம்பு. என் வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.4 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில், முன்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து 70 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள். தோராயம்தான், ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்கினால் மாறும், நாம் உடம்பை நகர்த்தினாலும் மாறும். இந்தக் கணக்குப்படி பின்சக்கரம் தரையை விட வேண்டுமானால் 1 ஜி அளவுக்கு பிரேக் பிடிக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு நொடியும் மணிக்கு 35 கி.மீ. வேகம் குறைய வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் வந்து அதே பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நொடிக்குச் சற்று மேல், ஆறேழு மீட்டருக்குள் கதை முடிந்துவிடும். இதில் எங்கே உருள்வது?

சங்கதி இங்கேதான். பின்சக்கரம் எழ எழ, எடையின் மையம் முன்சக்கரத்துக்கு மேலாக நகர்ந்து வருகிறது. எனவே வண்டியைத் தூக்கத் தேவைப்பட்ட பிரேக், தூக்கியபின் அதே உயரத்தில் வைத்திருக்கத் தேவைப்படாது. பின்சக்கரம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது, முதலில் பிடித்ததில் பாதிகூட வேண்டாம். இன்னும் மேலே போனால் கால்வாசி. ஒரு கட்டத்தில் எடை மையம் டயருக்கு நேர் மேலே வந்துவிடும், அங்கே பிரேக்கே தேவையில்லை. ஆங்கிலத்தில் பேலன்ஸ் பாயின்ட் என்பார்கள். அதைத் தாண்டினால் நீ வண்டிக்கு முன்னால் போய்விடுவாய், வண்டி உன் மேல் வரும். அந்தப் புள்ளிக்கு எவ்வளவு அருகில் துணிந்து நிற்கிறாயோ அவ்வளவு லேசான பிரேக், அவ்வளவு தூரம் உருளல். ஆக, தூக்குவதற்குப் பிடிக்க வேண்டும், ஓட்டுவதற்கு விட வேண்டும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. கை கேட்கவேண்டுமே! பயந்தால் மனிதனுக்குக் கை இறுகும். படிக்கட்டில் கால் இடறினால் கைப்பிடியை எப்படிப் பிடிக்கிறோம், அப்படி. இங்கே அந்தக் கைக்குள் இருப்பது முன்பிரேக் லீவர். பயந்து இறுக்கினால் இன்னும் எழும், எழுந்தால் இன்னும் பயம், இன்னும் இறுக்கம். முதல் ஒரு மாதம் நான் வண்டியைப் பழக்கவில்லை. வலது கையின் ஒரே ஒரு விரலைப் பழக்கினேன். பின்சக்கரம் தரையை விட்டதும் விட்டுவிடு. விட்டதும் விட்டுவிடு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. வேறெதுவும் இல்லை.

அந்த மாதத்தில் ஒருநாள் தம்பி பக்கவாட்டில் நின்று போனில் படமெடுத்தான். அன்று ஒன்று அபாரமாக வந்தது, பனைமர உயரம் போய்விட்டதாகவே எனக்குத் தோன்றியது, வயிறெல்லாம் கலங்கிவிட்டது. படத்தைப் பார்த்தால் பின்டயருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண். ஒரே சாண்! தம்பி மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தான். அன்றிலிருந்து என் உணர்வை நம்புவதில்லை, படத்தைத்தான் நம்புகிறேன்.

பிடிக்கும் விதமும் முக்கியம். படக்கென்று பிடித்தால் ஃபோர்க் அமுங்கி எடை முன்னால் வருவதற்குள் டயர் வழுக்கிவிடும். முதலில் லேசாகப் பிடித்து ஃபோர்க் இறங்கும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். முன்டயர் தரையில் நசுங்கி உட்காருவது உள்ளங்கையில் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், டயர் சூடாக இருந்து தரை சுத்தமாக இருந்தால். முதல் பத்து நிமிடம் நான் சும்மா சுற்றிச் சுற்றி ஓட்டி, பிரேக் பிடித்துப் பிடித்து டயரைச் சூடாக்குவேன். தளத்தை நானே விளக்குமாறு போட்டுக் கூட்டுகிறேன், இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஓரத்தில் வெள்ளை பெயின்ட் கோடு இருக்கிறது, அதன் பக்கமே போவதில்லை.

கிளட்ச் முழுக்கப் பிடித்தபடி இருக்க வேண்டும், பின்சக்கரம் இறங்கி நிலைக்கும்வரை. ஒருமுறை அவசரப்பட்டு முன்னாலேயே விட்டேன், தரையைத் தொட்ட டயர் எஞ்சினோடு சண்டை போட்டு வண்டியை ஓர் உதறு உதறியது. இன்னொன்று, கிளட்ச் பிடித்து பின்பக்கம் எழுந்ததும் ஒரு விசித்திர அமைதி வரும். எஞ்சின் ஐடிலில் முனகும், செயின் காற்றில் சலசலக்கும், முன்பிரேக் டிஸ்க்கில் பேட் உரசுகிற மெல்லிய ஓசை, கொஞ்சம் கருகல் வாசனை. எல்லாம் சேர்ந்து ஒரு நொடியோ ஒன்றரை நொடியோதான். அந்த ஒன்றரை நொடிக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

கால்முட்டி இரண்டும் டேங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் பாரம் முழுவதும் கைக்கு வரும், பாரம் தாங்குகிற கையால் லீவரை நூல் நூலாக விட முடியாது. பார்வை தூரத்தில். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் ஹேண்டில் திரும்பும்.

என் கட்டைவிரலின் கதையும் அங்கேதான் தொடங்கியது. பின்சக்கரம் முழ உயரத்தில் இருக்கும்போது எதற்கோ கீழே பார்த்தேன். ஹேண்டில் ஒரு மயிரிழை திரும்பியது. பின்பக்கம் மெதுவாக, கதவு திறக்கிற மாதிரி, வலப்பக்கம் போக ஆரம்பித்தது. அப்போதே விட்டு இறக்கியிருக்க வேண்டும். நான் திருத்தப் பார்த்தேன். பின்சக்கரம் நேர்கோட்டிலிருந்து இரண்டு சாண் தள்ளி இறங்கியது, ஹேண்டில் சவுக்கடி மாதிரி திரும்பியது, கட்டைவிரல் அதில் மாட்டியது. நடக்கிற வேகம்தான். முழு ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், முட்டிக் கவசம் எல்லாம் போட்டிருந்ததால் விரலோடு போயிற்று. லீவர் நுனி உடைந்தது, என் மானமும் கொஞ்சம்.

வண்டி வாங்குகிற அடி தனி. ஃபோர்க் ஆயில் சீல் இரண்டும் கசிந்துவிட்டன. ஹேண்டில் சுழல்கிற பேரிங்கான கோன் செட்டில், ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு கடுக் தெரிகிறது. மொத்த எடையும் ஃபோர்க்கிலும் அந்த பேரிங்கிலும்தானே இறங்குகிறது. மெக்கானிக் ஒருவர் ஆயில் சீலை மாற்றிவிட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினார், துடைத்து மட்டும் விட்டிருந்தார். மறுநாள் ஆயில் முன்பிரேக் டிஸ்க் வரை வழிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட நடுக்கம்தான் வந்தது. இப்போது அந்த வேலையை நானே செய்கிறேன். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் ஃபோர்க் குழாயை வெறும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் பற்றிக் கேட்பாய் என்று தெரியும். என் வண்டி அது வராத காலத்தது. புதியவற்றில் பல, பின்சக்கரம் தூக்குவதைக் கண்டுபிடித்து முன்பிரேக்கைத் தானே தளர்த்திவிடும். ரோட்டில் அது உயிர் காக்கிற விஷயம், இந்த விளையாட்டுக்காக ரோட்டு வண்டியில் அதைப் பிடுங்கிப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் ரோட்டில் செய்வதில்லை. தெரிந்தவரின் பழைய கான்கிரீட் தளம், சுற்றிலும் சுவர், கேட்டைப் பூட்டிக்கொள்கிறோம்.

டோப்ராக் ரஸ்காட்லியோலு பந்தயம் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாயா? துருக்கிக்காரர், 2021லும் 2024லும் 2025லும் உலக சூப்பர்பைக் பட்டம் வென்றவர். ஜெயித்ததும் ரசிகர்கள் முன்னால் அவர் அடிக்கிற ஸ்டாப்பியை நூறு தடவை பார்த்திருப்பேன். எனக்கு அதைவிடப் பிடித்தது, வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது அவருடைய பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் வருவது. எல்லோருக்கும் அது அபாய எல்லை, அவர் அங்கே குடித்தனமே நடத்துகிறார். அவருடைய அப்பா ஆரிஃப் ஒரு ஸ்டன்ட் ஓட்டுநர். ஊரில் அவரை டெக் டெகர் ஆரிஃப் என்பார்களாம், ஒற்றைச் சக்கர ஆரிஃப் என்று பொருள். 2017ல் பைக் விபத்தில்தான் இறந்தார். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் வண்டியை எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்தேன். அது சரியா தவறா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும், நீதான் எனக்கு முன்னால் ஓட்டியவன், நீதான் எனக்கு முன்னால் நிறுத்தியவன். ஏன் நிறுத்தினாய் என்று நீ சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

விரல் அடிபடுவதற்கு முந்தின ஞாயிறு, 60 கி.மீ. வேகத்தில் வந்து, தூக்கி, விட்டுக்கொண்டே போய், தம்பி போட்ட சாக்பீஸ் கோடுகளில் இரண்டைத் தாண்டி இறக்கினேன். நடந்து அளந்தோம், பதினெட்டு எட்டு. கைதேர்ந்தவர்களுக்கு அது வாசல் தாண்டாத தூரம். நான் மட்டும் அந்தப் பதினெட்டு எட்டையும் மூன்று தடவை நடந்து பார்த்தேன்.

வீக்கம் வடிந்ததும் மறுபடி போகிறேன். நீ வந்தால் பின்சீட்டில் ஏற்றமாட்டேன், இந்த வித்தைக்குப் பின்சீட்டு கிடையாது. ஆனால் தம்பிக்கு அடுத்த மாதம் பரீட்சை, கோடு போட ஆள் வேண்டும். சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது.

உன்
பழைய பின்சீட்டுக்காரன்