பேட்டரி மேல் பழி போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்போது வரும் கார் பேட்டரிகளுக்கு ஆயுளே இல்லை, ஒன்றரை வருடம் தாண்டுவதில்லை என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். நான் திருச்சி பால்பண்ணை பக்கம் கார் வயரிங் வேலை பார்ப்பவன். பேட்டரி சீக்கிரம் போகிறது என்பது உண்மைதான். ஆனால் என்னிடம் அந்தப் புகாரோடு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல், வாங்கிய பிறகு ஏதோ ஒன்று கூடுதலாகப் பூட்டியிருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ரிமோட் லாக், ஃபாக் லேம்ப், கால் வைக்கும் இடத்தில் எரியும் நீல விளக்கு, இப்படி. பூட்டியது தப்பில்லை. பூட்டிய விதத்தில்தான் கோளாறு.

ஒரு பள்ளி ஆசிரியையின் காரைச் சொல்கிறேன். சின்ன பெட்ரோல் வண்டி, 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் சுமார் 35 மணி நேரம் தாங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்தினால் திங்கள் காலையில் செல்ஃப் எடுக்காது, டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும். புது பேட்டரி போட்டுப் பார்த்துவிட்டார், அதற்கும் அதே கதி. வேறொரு இடத்தில், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 14.2 வோல்ட். ஆல்டர்னேட்டர் பாவம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

அப்படியானால் வண்டி நிற்கும்போது யாரோ கரண்ட் குடிக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் சோதனையை மல்டிமீட்டர் வைத்திருக்கும் யாரும் வீட்டிலேயே செய்யலாம். பானெட்டைத் திறந்து வைத்து, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிட வேண்டும். கதவு சாத்தியிருப்பதாக வண்டி நம்பிக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் கோர்க்க வேண்டும். கோர்த்தவுடன் ஒன்று, இரண்டு ஆம்பியர் காட்டினால் பதற வேண்டாம். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். அதுவரை டீ குடித்துவிட்டு வரலாம். மீட்டர் கோர்த்திருக்கும்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

தூங்கிய வண்டி 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுத்தால் சரி. ஆசிரியையின் வண்டி 380 எடுத்தது. ஒரு நாளைக்கு 9 ஆம்பியர் ஹவர். வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலைக்குள் 23 போய்விடும். 35-இல் 23 போன பிறகு செல்ஃப் எப்படிச் சுற்றும்? அதோடு, அடிமட்டம் வரை இறங்கி இறங்கி ஏறும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். கம்பெனி எதுவாக இருந்தாலும் அது நீடிக்காது.

அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி, எதை உருவும்போது மீட்டர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரி பாசிட்டிவிலிருந்தே நேராக வயர் இழுத்த சாமான் எதுவும் ஃபியூஸ் பாக்ஸில் அகப்படாது. அதனால் பாசிட்டிவ் டெர்மினலில் ஒல்லியாகத் தொங்கும் கூடுதல் வயர்களை முதலில் கழற்றிப் பாருங்கள். இந்த வண்டியில் ஸ்டீரியோ ஃபியூஸை உருவினேன், 30 மில்லி ஆம்பியருக்கு வந்து நின்றது.

ஸ்டீரியோவை வெளியே இழுத்தால் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கிக் கிடந்தன. மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய வயர், செட்டிங் மறக்காமல் இருக்க. சிவப்பில் சாவி போட்டால்தான் கரண்ட் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துவிட்டால் திரையை அணைத்தாலும் பெட்டி உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும். ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சில புது வண்டிகளில் ஸ்டீரியோவின் வயர் பிளக்கான கப்ளருக்கு சாவி வயரே வருவதில்லை, அந்தத் தகவல் கேன் லைன் வழியாகத்தான் வரும், வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர் அது. அந்தப் பேச்சைப் படித்து ஸ்டீரியோவுக்குச் சொல்லும் கேன் பாக்ஸ் வாங்க வேண்டும், இல்லையென்றால் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸ் ஒன்றிலிருந்து தனியாக வயர் எடுக்க வேண்டும். நேரமில்லாத பையன் முறுக்கிவிட்டுப் போகிறான். சில சமயம் "சாவியை எடுத்தாலும் பாட்டு ஓடணும்ணே" என்று வண்டிக்காரரே கேட்டு வாங்குவதும் உண்டு.

ஹெட்லைட் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அதில் தீப்பிடிக்கும். கம்பெனி கொடுப்பது 60/55 வாட் பல்பு. வெளிச்சம் போதவில்லை என்று 100/90 போடுகிறார்கள். ஹை பீமில் இரண்டு பல்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 17 ஆம்பியர் இழுக்கும். ஸ்டியரிங் ஓர சுவிட்சும் வயரும் பத்து ஆம்பியர் கணக்குக்குச் செய்தவை. சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறதென்று அதை எடுத்துவிட்டு மஞ்சள் 20-ஐச் சொருகுகிறார்கள். அதன் பிறகு ஃபியூஸ் போகாது, வயர் போகும். ஃபியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற என்று பலரும் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்ற. இதற்குத்தான் ரிலே, சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் பெட்டி. ஃபாக் லேம்ப், டபுள் ஹாரன் எதுவானாலும் கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண் போட்ட காலுக்கு வந்து, 87-ஆம் காலிலிருந்து சாமானுக்குப் போக வேண்டும். சுவிட்ச் 85, 86 கால்களை மட்டும் தூண்டினால் போதும். அந்த ஃபியூஸும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடையில் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பு இல்லை.

எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மின்னுகிறது என்று ஒருவர் வந்தார். அதற்குள் எங்கேயோ, விளக்கு, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஆளும் கம்ப்யூட்டரான பாடி கன்ட்ரோல் மாட்யூலையே மாற்றியிருந்தார், பல ஆயிரம் ரூபாய். பின்னால் ஒட்டிய எல்இடி பட்டையின் எர்த்தை டெயில் லேம்ப் எர்த்தோடு சேர்த்து, பெயின்ட்டின் மேலேயே ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். பெயின்ட் கரண்டை விடாது, அதனால் பிரேக் விளக்கின் கரண்ட் இண்டிகேட்டர் வழியாகத் திரும்பியது. பெயின்ட்டைச் சுரண்டி போல்ட்டை இறுக்கினேன், சரியாகிவிட்டது. தானாக இன்ஜின் அணைந்து எழும் வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலிலேயே பேட்டரிக்குப் போய்வரும் கரண்டை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கும். அங்கே நேராக எர்த் கொடுத்தால் அது கணக்குத் தப்பும், பாடியில்தான் கொடுக்க வேண்டும்.

பூட்டும் பையன்களை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. இருபத்தையாயிரம் ரூபாய்க்கு ஸ்டீரியோ வாங்குபவர்கள் ரிலேக்கும், சூடு காட்டினால் சுருங்கி வயர் இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவுக்கும் பேரம் பேசுகிறார்கள். இன்சுலேஷன் டேப்பே போதும் என்கிறார்கள். திருச்சி மே மாத வெயிலில், இன்ஜின் பக்கத்தில் அந்த டேப்பின் பசை எத்தனை நாள் நிற்கும்? ஷோரூமிலேயே பூட்டி வாங்கினேன் என்பதும் உத்தரவாதம் இல்லை, அங்கும் வேலையை வெளி ஆட்களுக்குக் கொடுப்பது உண்டு.

அக்சசரீஸ் கடைக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்த வயரிலிருந்து கரண்ட் எடுத்தீர்கள், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், அது எங்கே இருக்கிறது, எர்த் எந்த போல்ட்டில் என்று பில்லின் பின்புறம் நாலு வரி எழுதிக் கொடுங்கள். வண்டிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கி டாஷ்போர்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சீட்டு இருந்தால் என்னைப் போன்றவனுக்குத் தேடும் வேலை அரை நாள் மிச்சம், அவர்களுக்கு லேபர் சார்ஜில் பாதி மிச்சம்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
பால்பண்ணை, திருச்சி.