சுமைகூலி முக்கால் பணம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நெட்டையன் கல்யாணத்துக்கு நீ வராத கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். ஆனால் நேற்று அதை மறுபடி எடுத்துப் படித்தபோது பதறிவிட்டேன். கிடங்கு மென்பொருளின் ஜாவா மொழி ஆப்ஜெக்ட்களை, அதாவது விவரங்களைக் கட்டிவைத்த பொட்டலங்களை, அப்படியே பைத்தான் மொழிக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதே பள்ளத்தில் விழுந்து இப்போதுதான் எழுந்திருக்கிறேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள் பார்க்கிறேன் அல்லவா? கணக்கு முழுவதும் பழைய ஜாவா. மல்லி விலையைக் கணிக்கும் பகுதியை மட்டும் பைத்தானில் எழுதினேன். பனியில் மொட்டு குறைந்து மார்கழி, தை மாதங்களில் விலை ஏறும். முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம். நான்கு லட்சம் விற்பனைச் சீட்டுகளைப் படித்து இதைக் கணிக்க வேண்டும். பைத்தானிலிருந்து ஜாவாவை அழைக்க உதவும் பைஃபோர்ஜே (Py4J) நூலகத்தை வைத்து இரண்டையும் இணைத்தேன். சீட்டு ஒவ்வொன்றும் ஒரு ஜாவா ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றிடமும் தேதி, எடை, விலை என்று ஆறு விவரம் கேட்கும் ஒரு லூப். படிக்க அழகாக இருந்தது.

ஓட்டினால் எட்டு நிமிடத்துக்கு மேல். விடியற்காலை நான்கு மணிக்கு, நிலக்கோட்டை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, கடைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். 'பைத்தான் மெது' என்று நீ உன் பழைய பாட்டைத் தொடங்காதே. அளந்து பார்த்தேன், கணிப்புக்கு ஆனது மூன்றே விநாடி.

மீதியெல்லாம் போக்குவரத்து. பைத்தான் பக்கம் இருப்பது ஆப்ஜெக்ட் அல்ல, அதன் பெயர்ச்சீட்டு மட்டுமே. எடையைக் கேட்டால், கேள்வி எழுத்தாக மாறி, இரண்டு நிரல்களுக்கும் இடையிலான சாக்கெட் என்ற இணைப்பு வழியே ஜாவாவுக்குப் போகிறது. அங்கே அந்தப் பெயருக்குரிய ஆப்ஜெக்டைத் தேடி, விவரம் தரும் மெத்தடை அழைத்து, விடையை மறுபடி எழுத்தாக்கி அனுப்புகிறது. என் கணினியில் ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 0.2 மில்லி விநாடி. 24 லட்சம் கேள்விக்கு 480 விநாடி. சீட்டை ஒவ்வொன்றாக எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆத்தா சொல்லுமே, அதேதான்.

ஜேபைப் (JPype) என்ற இன்னொரு நூலகம், இரண்டையும் ஒரே ப்ராசஸில், அதாவது ஓடும் ஒரே நிரலுக்குள், வைப்பதால் சாக்கெட் செலவு போய்விடும். ஆனால் உருமாற்றச் செலவு போகாது. ஜாவாவில் 8 பைட்டில் அடங்கும் தசம எண், பைத்தானில் தனி ஆப்ஜெக்டாகி 24 பைட் ஆகிறது. 'உசிலம்பட்டி' என்ற பெயரை இரண்டு மொழியும் எழுத்துக் குறி ஒன்றுக்கு 2 பைட் வீதமே வைக்கின்றன. இருந்தும் பைத்தான் சரமாக வேண்டுமென்றால் நகல் எடுத்தே தீர வேண்டும்.

கடைசியில் சீட்டுகளை அனுப்புவதையே விட்டுவிட்டேன். எடைகள் எல்லாவற்றையும் ஜாவாவிலேயே ஒரே பைட் வரிசையாகக் கட்டினேன்: 32 லட்சம் பைட். பைஃபோர்ஜே அதை பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்குவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். அந்தக் கூலியை ஒரே தடவை கொடுத்தால் போதும். மறுபக்கம் பைத்தானின் எண் வரிசை நூலகமான நம்பை (NumPy) அதை வரிசையாகவே படித்துக்கொள்கிறது. ஒன்றைக் கவனி: பைட்களை அடுக்கும் ஜாவாவின் பைட்பஃபர், நாம் வேறு சொல்லாவிட்டால், எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும். நம்பைக்கு அதைச் சொல்ல மறந்ததால், அரைக் கிலோ மல்லி ஓர் அணுவின் எடைகூட இல்லாமல் வந்தது. ஆறு விவரங்களையும் இப்படியே மாற்றிய பிறகு, தொடக்கம் முதல் முடிவு வரை ஏழு விநாடி. கடைக்காரர் ஒரு பந்து மல்லியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க் மென்பொருளைப் பைத்தானிலிருந்து பயன்படுத்தும்போதும் இதே நோய்தான் இருந்தது. 2018இல் வந்த 2.3 பதிப்பு, வரி வரியாக அனுப்பாமல், அப்பாச்சி ஆரோ என்ற தரவு வடிவத்தில் நெடுவரிசைகளாகத் தொகுத்து அனுப்பும் வழியைக் கொண்டுவந்தது.

மாப்பிள்ளை, நேரம் போவதாவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு உண்மையான பயம் நினைவகத்தைப் பற்றித்தான். பைத்தானில் பெயர்ச்சீட்டு உயிரோடு இருக்கும்வரை ஜாவா அந்த ஆப்ஜெக்டை விடாது. முதலில் எழுதிய நிரலில் பெயர்ச்சீட்டுகளை நான் ஒரு பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன். நண்பகலுக்குள் ஜாவாவின் நினைவகம் நிரம்பி, கடையின் பில் போடும் வேலையே நின்றுவிட்டது. முகூர்த்த நாள் வேறு. கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. பேசாமல் கையால் சீட்டு எழுதத் தொடங்கினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. ஜாவா ஆப்ஜெக்ட் பைத்தானையும், பைத்தான் ஆப்ஜெக்ட் ஜாவாவையும் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். தேவைப்படாத ஆப்ஜெக்ட்களை நினைவகத்திலிருந்து நீக்கும் குப்பை சேகரிப்பான் ஒவ்வொரு பக்கமும் உண்டு, அதற்குத் தன் வீட்டு முற்றம் மட்டும்தான் தெரியும். அந்த முடிச்சை இரண்டுமே அவிழ்க்காது.

உன் கிடங்கில் எத்தனை ஆப்ஜெக்ட்? ஒவ்வொன்றையும் எத்தனை தடவை கேட்கிறாய்? நாளைக்கு நிரலில் கை வைப்பதற்கு முன் இரண்டையும் பெருக்கிப் பார்த்து எனக்கு எழுது. பொங்கலுக்கு வரும்போது அந்த நிரலையும் எடுத்து வா. சிம்மக்கல் டீக்கடையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடுவோம்.

உன்,
மச்சான்