நாலு பக்கமும் வாசல் வைங்க சார்: கிண்டி ரேஸ் கோர்ஸ் பூங்கா வேலைய பாக்குற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தோட்டக்கலைத் துறை, மாநகராட்சி, நெடுஞ்சாலை, ரயில்வே, மெட்ரோ, இதுல யாருக்கு எழுதணும்னு சரியா தெரியல, அதனால எல்லாருக்கும் சேத்தே எழுதறேன். நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி தான்.

ரேஸ் கோர்ஸ் இருந்த அந்த 160 ஏக்கர் அரசு நிலத்தோட கதை உங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. 1945-ல மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 வருஷ குத்தகை, வருஷ வாடகை 614 ரூபா சொச்சம் (எங்க தெருவுல ஒரு பைக் நிறுத்தவே மாசம் அதுக்கு மேல கேக்கறாங்க), 2024 செப்டம்பர்ல சீல் வச்சீங்க, அடுத்த மாசமே அதுல 118 ஏக்கர்ல பசுமைப் பூங்கான்னு அறிவிச்சீங்க. ரேஸ் கிளப் போட்ட கேஸ் ஒரு பக்கம் ஓடுது, அத கோர்ட்டு பாத்துக்கும். அறிவிப்பு வந்த அன்னிக்கு எங்க ஏரியாவுல நெஜமாவே சந்தோஷப்பட்டோம், அதுல பொய் இல்ல.

நாங்க இருக்கறது மடுவின்கரை பக்கம். எங்க அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, சுகர். டாக்டர் தினம் முக்கா மணி நேரம் நடக்க சொல்லிருக்கார். எங்க நடக்கறது? பிளாட்பாரம்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு டிரான்ஸ்பார்மர், நாலு கார், ஒரு ஈபி பாக்ஸ், தூக்கி வச்ச டிரைனேஜ் மூடி, மிச்சம் இருக்கற இடத்துல ஒரு நாய் குடும்பம். அதனால ரோட்டுல இறங்கி தான் நடப்பார். போன வாரம் பின்னாடி வந்த பைக்கோட கண்ணாடி கைய உரசிட்டு போச்சு, ஓட்டினவன் திரும்பி கூட பாக்கல. அடி பெருசா இல்ல, ஆனா மனுஷன் பயந்துட்டார். இப்ப ஹால்ல டிவிக்கும் கிச்சனுக்கும் நடுவுல நடக்கறார், நடுவுல சோபா, ஒவ்வொரு தடவையும் சுத்திக்கிட்டு. பேத்தி படிச்சிட்டு இருந்தா அதுவும் கிடையாது, பால்கனில நின்னுட்டு வந்துடுவார். கொஞ்ச தூரத்துல ரேஸ் கோர்ஸ் சுவர், அதுக்கு அந்தாண்ட அவ்ளோ பச்சை. 1777-லேர்ந்து அங்க குதிரை ஓடிருக்கு. குதிரைக்கு கிடைச்ச இடம் எங்களுக்கும் கிடைக்கட்டுமேன்னு தான் கேக்கறோம்.

கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான். பூங்காவுக்கு நாலு பக்கமும் வாசல் வைங்க. மெயின் ரோட்டுல பெரிய ஆர்ச்சு, பக்கத்துல கார் பார்க்கிங், மத்த மூணு பக்கமும் கம்பி வேலி, இந்த மாதிரி மட்டும் பண்ணிடாதீங்க. அப்படி பண்ணா சுவத்துக்கு பக்கத்துல இருக்கறவன் ஆட்டோ புடிச்சு சுத்தி போய் வாக்கிங் போகணும். நடக்கறதுக்கு ஆட்டோ! அடையாறு தொல்காப்பியப் பூங்காவ பாத்தோம்ல, 58 ஏக்கர், 2011-ல திறந்தது, சுத்தி எவ்ளோ ஜனம், ஆனா வருஷக்கணக்கா முன்பதிவு பண்ணி தான் உள்ள போகணும்னு வச்சிருந்தீங்க. பக்கத்து தெரு பசங்களுக்கு அது பூங்காவா, சுவரான்னே தெரியாம போச்சு. மதுரை மீனாட்சி கோயில கட்டினவங்க நாலு திசைக்கும் கோபுர வாசல் வச்சாங்க, எந்த தெருக்காரனும் ஊர சுத்திட்டு வர வேண்டியதில்ல. அத பாக்க ஸ்டடி டூர் எதுவும் தேவையில்ல, வைகை எக்ஸ்பிரஸ்ல ஏறினா போதும்.

வாசல் மட்டும் வச்சா போதாது, வாசல் வரைக்கும் வர வழி வேணும். கிண்டில லோக்கல் ட்ரெயின் ஸ்டேஷன் இருக்கு, 2016-லேர்ந்து மெட்ரோவும் இருக்கு. தாம்பரம், செங்கல்பட்டு பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் ட்ரெயின்ல வந்து இறங்கினா, குழந்தைய இடுப்புல தூக்காம, கைய புடிச்சு நடத்திக்கிட்டே பூங்காவுக்குள்ள போற மாதிரி பாதை போடுங்க. வேளச்சேரி மெயின் ரோட்டு பக்கம் இன்னும் முக்கியம், அந்தாண்ட கிண்டி தேசியப் பூங்கா, இந்தாண்ட புது பூங்கா, நடுவுல நிக்காம ஓடுற வண்டி. அங்க சிக்னலோட, ரோட்டு மட்டத்துலயே கடக்கற மாதிரி வைங்க. தயவு செஞ்சு நடைமேம்பாலம் கட்டறேன்னு ஆரம்பிக்காதீங்க சார், லிப்ட் வேலை செய்யாது, எஸ்கலேட்டர்ல துணி காயும், மேல விளம்பர போர்டு மட்டும் ராத்திரியெல்லாம் ஜொலிக்கும். முட்டி வலிக்கறவங்க ஏறி இறங்கணும், கார்ல போறவரு ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது, இது என்ன நியாயம்னு யாராவது சொன்னா தேவலை. இந்த ஊர்ல ரோடுன்னா வண்டிக்கு, பிளாட்பாரம்னா கடைக்கு, நடக்கறவன் தான் எப்பவும் ஆக்கிரமிப்பு.

சரி, கோவத்துல எங்கயோ போய்ட்டேன், மன்னிச்சுக்கோங்க.

ஒரு விஷயத்துல உங்கள பாராட்டணும். ரேஸ் கோர்ஸ்ல மழைத்தண்ணி தேங்க குளம் வெட்டினது நல்ல வேலை, வேளச்சேரிகாரங்கள கேட்டா ஒவ்வொரு மழைக்கும் கார கொண்டு போய் பாலத்து மேல நிறுத்தற கதைய சொல்லுவாங்க. தண்ணி எந்த பக்கத்துலேர்ந்து வரும், எங்க தேங்கும், எந்த வழியா வெளிய போகணும்னு லெவல் பாத்து யோசிச்சிருக்கீங்க. அதே லெவல் எடுக்கற ஆள, மனுஷன் எந்த பக்கத்துலேர்ந்து வருவான்னும் ஒரு தடவ நடந்து பாக்க சொல்லுங்க. ஐந்து பர்லாங் ரோட்டுலேர்ந்து ஒரு தடவ, ஸ்டேஷன்லேர்ந்து ஒரு தடவ, வேளச்சேரி ரோட்டுலேர்ந்து ஒரு தடவ, எங்க பக்கத்துலேர்ந்து ஒரு தடவ. ஜீப்ல இல்ல, நடந்து. முடிஞ்சா சாயங்காலம் ஆறு மணிக்கு.

அப்புறம் நேரம். வேலைக்கு போறவங்க காலைல அஞ்சு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் தான் நடப்பாங்க, பத்து மணிக்கு கவுண்டர் திறந்து டிக்கெட் குடுத்தா யாருக்காக? நாலு வாசலும் அந்த நேரத்துல திறந்திருக்கணும். ஆள் பத்தலன்னு மூணு வாசல பூட்டி சாவிய யார்கிட்டயோ குடுத்து வைக்கறதுன்னா வாசல் வச்சும் பிரயோஜனமில்ல.

டெண்டர் விடறதுக்கு முன்னாடி, வாசல் எங்கெங்க வரும், ரோட்ட எங்க கடக்கணும்னு போட்ட வரைபடத்த மடுவின்கரை, வேளச்சேரி, கிண்டி ஜனங்க பாக்கற மாதிரி வார்டு ஆபீஸ்ல தமிழ்ல ஒட்டி வைங்க, ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு கேளுங்க. வந்து சொல்றதுக்கு நாங்க ரெடி. தயவு செஞ்சு நாலு பக்கமும் வாசல்.

இப்படிக்கு,
சுவத்துக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தன்