"வெறும் ரிப்பேர்க்காரன்" என்ற அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

போன வாரம், மின்னணு கீபோர்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி கேபிள் வாங்க உங்கள் கடைக்கு வந்தேன். கழற்றிப் போட்ட கீபோர்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு வாசிக்கவெல்லாம் தெரியாதுப்பா, நான் வெறும் ரிப்பேர்க்காரன்" என்றீர்கள். ஆட்கள் காத்திருந்ததால் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அந்தக் கேபிளுக்குப் பின்னால் இருப்பவரும் ரிப்பேர்க்காரர்தான் அண்ணா. இகுதாரோ காகேஹாஷி, 1930இல் ஒசாகாவில் பிறந்தவர். இரண்டு வயதிலேயே தாய் தகப்பனைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். போர் முடிந்த கையோடு, பதினாறு பதினேழு வயதில் கியூஷூ தீவில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை போட்டார். பிறகு ரேடியோக்களையும் திறக்க ஆரம்பித்தார். தாயையும் தகப்பனையும் கொண்டுபோன நோய் அவரையும் பிடித்தது. வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை. அப்போது சோதனையில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் அவரைப் பிழைக்க வைத்தது. எழுந்து வந்ததும் மறுபடி ஒரு ரேடியோ கடை.

இசையை முறையாகப் படித்தவரல்ல. ஆனாலும் ஆர்கன், தாளப்பெட்டி என்று செய்து பார்த்து, முதலில் ஏஸ் என்ற கம்பெனி, அதைவிட்டு வெளியே வந்து 1972இல் ரோலண்ட். அது அவர் பெயரல்ல. எந்த நாட்டுக்காரர் வாயிலும் நுழையட்டும் என்று தேடி வைத்தது.

ரோலண்டிலிருந்து 1980இல் வந்த டிஆர்-808 தாளப்பெட்டிதான் எனக்கு உயிர். அதற்காக, தரச்சோதனையில் கழித்துப் போட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கினார்கள். அந்தக் குறையில்தான் அவர்கள் தேடிய 'சிஸ்ஸ்' இரைச்சல் இருந்தது. பிறகு டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட்டு, கழிசல் கிடைக்காமல் போனது, 808உம் நின்றது. மொத்தமே சுமார் 12,000 பெட்டிகள். நிஜ டிரம் போல இல்லை என்று பலர் ஒதுக்கியதால் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது. அமெரிக்காவின் ஹிப் ஹாப் இளைஞர்கள் அள்ளிக்கொண்டார்கள். கழித்துப் போட்ட பாகத்திலும் சத்தம் தேட, பழுதுபார்த்துப் பழகிய காது வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம் மிடி. அதுவரை ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொன்றோடு எளிதில் பேசாது. காகேஹாஷியும் அமெரிக்காவில் மின்னணு கீபோர்டு செய்துவந்த டேவ் ஸ்மித்தும் மற்றக் கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு பொதுமொழி அமைத்தார்கள். 1983 ஜனவரியில், ஸ்மித்தின் பிராபெட்-600 கீபோர்டையும் ரோலண்டின் ஜூபிடர்-6 கீபோர்டையும் கூட்டத்தின் முன் இணைத்துக் காட்டினார்கள். ஐந்து ஊசி பிளக், நடுவில் ஒளியால் தகவல் கடத்தும் ஒரு சின்ன சிப். அதனால் கருவிகளின் மின் இணைப்பு வழியே வரும் கிரவுண்டு இரைச்சல் ஏறாது. உங்களுக்குத் தெரியாததா! காப்புரிமைக் காசு எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். 2013இல் இருவருக்கும் சேர்த்து கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. காகேஹாஷி 2017இல் காலமானார்.

கேபிள் நன்றாக வேலை செய்கிறது. அடுத்த முறை வரும்போது, மேசைக்கடியில் கழித்து வைத்திருக்கிறீர்களே, அந்த டிரான்சிஸ்டர் டப்பா, அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி