கூலியில் கை வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தத்தில் பீடி சுற்றும் என் அம்மாவின் வங்கிக் கணக்கில் கூலி விழுந்த அன்றே, பழைய கடனுக்கென்று முழுத் தொகையையும் வங்கி எடுத்துக்கொண்டது. முன்கூட்டி ஒரு கடிதம்கூட இல்லை. அரிசிக்கும் மருந்துக்குமான பணம் ஐயா அது! 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, உழைப்பாளியின் கூலியை நீதிமன்றம்கூட ஜப்தி செய்ய முடியாது என்கிறது. மாதச் சம்பளக்காரருக்கும் சாதாரணக் கடன் வழக்குகளில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். நீதிபதி தொடத் தயங்கும் பணத்தை வங்கி ஒரே நொடியில் துடைத்தெடுப்பது என்ன நியாயம்? கடனை நாங்கள் மறுக்கவில்லை. தவணையில் கட்டத் தயார். கூலிக் கணக்கில் பிடிக்குமுன் எழுத்தில் தெரிவிக்கும்படி வேலூர் மாவட்ட ஆட்சியர் வங்கிகளுக்கு அறிவுறுத்த வேண்டும்.

ஒரு வாசகி,
குடியாத்தம்.