ட்வைட் வாலாட்டல சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடர் பத்தி உங்க விமர்சகர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். பேப்பர் கம்பெனி கிளை மேனேஜர் மைக்கேல் ஸ்காட் தனியா காட்டுக்குப் போற 'சர்வைவர் மேன்' எபிசோடைச் சொல்லிட்டு, "இதில் நட்பும் இல்லை, பாசமும் இல்லை, முதலாளிக்கு வாலாட்டும் ஓர் ஊழியர் மட்டுமே இருக்கிறார்"னு, மைக்கேலுக்குக் கீழ வேலை பார்க்குற ட்வைட்டைச் சொல்லி, ஒரே வரியில கதையை முடிச்சுட்டார். அவர் எபிசோடை முழுசா பார்த்தாரா, இல்ல செல்போன்ல க்ளிப்பைப் பார்த்துட்டு எழுதினாரான்னு கேக்கத் தோணுது. தப்பா எடுத்துக்காதீங்க, விஷயம் தெரிஞ்ச பெரிய மனுஷர் நீங்க.

மைக்கேல் எதுக்கு காட்டுக்குப் போறான்? அதைப் பத்தி ஒரு வரி இல்ல. ரயன்னு ஒரு பையன், மைக்கேலோட ஸ்க்ரான்டன் கிளையில டெம்ப்பா, அதாவது தற்காலிக ஆளா, வந்து சேர்ந்தவன், மைக்கேல் அவனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினவன், அந்தப் பையன் நியூயார்க் ஹெட் ஆபீஸுக்குப் போயி மைக்கேலுக்கே மேலதிகாரி ஆயிடுறான். ஆனவன் ஆபீஸ் ஆளுங்களோட காட்டுக்கு கேம்ப் போறான், மைக்கேலுக்குக் கண்டாலே ஆகாத டோபியைக் கூட்டிட்டுப் போறான், மைக்கேலைக் கூப்பிடல. தூக்கி வளத்த புள்ள கல்யாணப் பத்திரிகையை எதிர்வீட்டுல குடுத்துட்டு நம்ம வாசலைத் தாண்டிப் போனா எப்படி இருக்கும், அப்படி. அந்த ரோஷத்துலதான் நான் தனியாவே இருந்து காட்டுறேன்னு கிளம்புறான். இதைச் சொல்லாம எபிசோடை எப்படி சார் விமர்சனம் பண்றது?

லெஸ் ஸ்ட்ரவுட்னு கனடாக்காரர் ஒருத்தர், கேமராவைத் தானே தூக்கிட்டுப் போயி தன்னந்தனியா காட்டுல கிடந்து ஷோ பண்ணுவார், அவரைப் பார்த்து சூடு போட்டுக்கிட்டவன் மைக்கேல். கையில ஒரு கத்தி, ஒரு டக்ட் டேப், ஒரு சின்ன கேமரா, அவ்வளவுதான். ட்வைட் கொண்டுபோய் விட்டுட்டு கிளம்பிட்ட மாதிரி காட்டிக்கிட்டு எட்ட ஒளிஞ்சு நின்னு பார்த்துட்டே இருக்கான். மைக்கேல் நல்ல பேன்ட்டை வெட்டி அரைக்கால் ஆக்குறான், அப்புறம் அதையே டேப் போட்டு ஒட்டுறான், கூத்து. ட்வைட் பண்ணைக்காரன், காடு மேடு தெரிஞ்சவன், ரெண்டே நிமிஷத்துல எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்திருக்கலாம், ஆனா வாயத் திறக்கல. பசி தாங்காம மைக்கேல் காட்டுக் காளானைப் புடுங்கி வாயில வைக்கப் போறப்பதான் விழுந்தடிச்சு ஓடி வர்றான். வாலாட்டுறவன் முதல் நிமிஷமே ஓடி வந்து "பாஸ், பேன்ட் பிரமாதம்"னு சொல்லியிருப்பான் சார். அசிங்கப்பட்டா படட்டும், உசுருக்கு வந்தா மட்டும் போவோம்னு நிக்கிறது வேற ஜாதி மனசு.

எனக்கு எப்படித் தெரியும்னு உங்க விமர்சகர் கேக்கலாம். எம் பொண்ணு முதல் தடவை தனியா டவுன் பஸ்ல ஸ்கூலுக்குப் போனப்ப, நீ வரவே கூடாதுப்பான்னு சத்தியம் வாங்கிட்டுப் போனா. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு டிவிஎஸ் 50ல பின்னாடியே போனேன். ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிட்டா. டீக்கடை தட்டி மறைவுல நின்னுட்டு இருக்கேன், தப்பு ஸ்டாப்புனு அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு, பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்குறா, கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வருது, கூப்பிடல. லாரி வர்றதைப் பார்க்காம ரோட்டுல காலை வச்சப்பதான் ஓடிப்போய் கையப் புடிச்சு இழுத்தேன். நன்றியா சொன்னா? அந்த ஓட்டை சைலன்சர் சத்தத்தை வச்சு வீட்டு முக்குலயே கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லிட்டு, பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இதுக்குப் பேரு வாலாட்டறதுன்னா நான் ஒத்துக்கிட்டுப் போறேன், உங்க இதழ்ல வந்தா சரியாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. 2006ல வந்த ஒரு எபிசோட்ல மைக்கேல் சின்னப் பையனா டிவி நிகழ்ச்சியில உக்காந்துக்கிட்டு, எனக்கு நூறு புள்ளைங்க வேணும், அப்பதான் நூறு ஃப்ரெண்டு கிடைப்பாங்க, ஒருத்தரும் மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு சொல்லுவான். அவனுக்கு அப்பா ஆகுறதும் சிநேகிதன் கிடைக்கிறதும் ஒரே ஆசை. ஆபீஸ் ஆளுங்களைத்தான் புள்ளைங்களா நினைச்சுக்கிட்டு இருந்தவன், காட்டுல அவன் புள்ள, ட்வைட் அப்பன். 2013ல கடைசி எபிசோட்ல அதே ட்வைட் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனா வந்து நின்னு, எம் புள்ளைங்க எல்லாம் வளந்து ஒண்ணுக்கொண்ணு கட்டிக்கிட்ட மாதிரி இருக்குன்னு கண் கலங்குறான். இதுல பாசம் இல்லையாம்.

அந்த 'சர்வைவர் மேன்' எபிசோட்லயே, மைக்கேல் காட்டுல இருக்கறப்ப ஆபீஸ்ல ஜிம்ங்கிற ஊழியன் பொறுப்பு எடுத்துக்கிட்டு எல்லார் பிறந்தநாளையும் ஒரே நாள்ல வச்சு எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிறதும், நானும் அதைப் பண்ணிப் பார்த்தவன்தான்னு மைக்கேல் திரும்பி வந்து சொல்றதும் உங்க விமர்சனத்துல இல்லவே இல்ல. இடம் பத்தல போல. பக்கத்துலயே நகைக்கடை விளம்பரம் முழுப் பக்கம் இருக்கு.

சொல்ல ஆரம்பிச்சா நிறைய இருக்கு. போன தீபாவளி மலர்ல ஒரு த்ரில்லர் தொடரோட கொலைகாரன் யாருன்னு தலைப்புலயே போட்டீங்க. நம்ம சீரியல்ல அப்பாக்கள் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழறதையும் சொத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடறதையும் தவிர வேற எதுவும் செய்யறது இல்லன்னு நான் பக்கம் பக்கமா எழுதி அனுப்பினதை ரெண்டு வரியாக்கி, ஊர்ப் பேரையும் மாத்திப் போட்டீங்க. விலை ஏறிச்சு, குறுக்கெழுத்து காணாம போச்சு, அதுக்கும் நாங்க ஒண்ணும் சொல்லல.

இப்ப கேக்கறது பெருசா இல்ல. அந்த எபிசோடை "யாரோ ஒரு சுமாரான எழுத்தாளர்" எழுதினதா போட்டிருக்கீங்க. 2007 நவம்பர் 8ல அமெரிக்க டிவி சேனல் என்பிசியில வந்த அந்த எபிசோடை எழுதினது மைக்கேலா நடிச்ச ஸ்டீவ் கரெல்தான், இயக்கினது பால் ஃபீக். காளானைத் தட்டி விட்டது ஜிம்னும் போட்டிருக்கீங்க, அது ட்வைட். இந்த ரெண்டையும் திருத்தம் பகுதியில சின்ன எழுத்துலயாவது போடுங்க. குறுக்கெழுத்தையும் முடிஞ்சா பாருங்க.

இப்படிக்கு,
ஊர்ப் பேரை மாத்தாம போடுங்கன்னு வேண்டிக்கிட்டு,
திண்டுக்கல் வாசகன்