நம் ஊர்ச் செடிகொடிகளும் பாலிமர் களிமண் நகைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி நகரத்திலும் நடைபெறும் கைவினைக் கண்காட்சிகளில், சுடுமண் நகைகளுக்கும் பட்டுநூல் வளையல்களுக்கும் பக்கத்தில், பாலிமர் களிமண் என்ற, பிசைந்து உருவாக்கி அடுப்பில் வேக வைக்கும் பொருளால் செய்த பூவும் இலையுமான காதணிகளையும் பதக்கங்களையும் இப்போது காண முடிகிறது. அவற்றைச் செய்பவர்களில் பெரும்பாலோர், சமையலும் பிள்ளைகளின் படிப்பும் முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் வீட்டு மேசையின் ஓரத்தில் அமர்ந்து வேலை பார்க்கும் பெண்கள். அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் நானும் அவர்களில் ஒருத்தி. இந்தத் தொழில் நம் பகுதியில் நிலைக்க வேண்டும் என்ற விருப்பத்தினாலேயே இதை எழுதுகிறேன். இயற்கையைப் பார்த்து நகை செய்கிறோம் என்று சொல்லும் நாம், எந்தச் செடியைப் பார்த்துச் செய்தோமோ அதன் உருவத்தையும், எந்தப் பொருளால் செய்தோமோ அதன் விவரத்தையும் மாற்றாமல், மறைக்காமல் தர வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் உருவத்தைப் பற்றி. கண்காட்சி மேசைகளில் நான் மிகுதியாகக் காண்பவை டெய்சிப் பூவும், லாவெண்டர் கொத்தும், மேப்பிள் இலையும், ஓட்டைகள் விழுந்த மான்ஸ்டெரா இலையும்தான். வெளிநாட்டுக் காணொளியில் நமக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் தம் ஊரில் தாம் தினமும் பார்த்ததைச் செய்து காட்டினார்; அவருக்கு அது இயற்கை. நாமோ செடியைப் பார்க்காமல், அவர் செய்த நகையைப் பார்த்து நகை செய்கிறோம். இது நம் மரபும் அன்று. மாங்காய் மாலையும், முல்லையரும்பு மாலையும், குழந்தையின் அரைஞாணில் கோத்த அரசிலையும் செய்த பொற்கொல்லர்கள், தம் கொல்லையிலும் தெருவிலும் இருந்ததைத்தான் பொன்னில் வார்த்தார்கள். பொன்னுக்கு வாய்த்தது இந்தப் புதிய பொருளுக்கும் வாய்க்கும். சொல்லப்போனால், நிறங்களைக் கலக்கும் வசதி இதில் கூடுதலாகவே இருக்கிறது.

செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். நம் மாநில மலரான இது, மழைக்காலத்தில் வேலிகளின் மேல் படர்ந்து பூக்கிறது. மலர் கீழ்நோக்கித் தொங்க, அலையலையான ஓரமுடைய ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும். மகரந்தத் தாள்கள் ஆறும் பக்கவாட்டில் விரிந்திருக்கும். காதில் தொங்கவிடும் நகைக்கு இதைவிடப் பொருந்திய அமைப்பை நான் வேறெந்தப் பூவிலும் கண்டதில்லை. இதழின் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருக்கும் நிறமாற்றத்தை வண்ணம் பூசிக் கொண்டுவரத் தேவையில்லை. மஞ்சள், சிவப்பு ஆகிய இரு களிமண் தகடுகளையும் முக்கோணங்களாக வெட்டி, குறுக்குவாட்டில் சேர்த்து வைத்து, ஒரே திசையில் மடித்து மடித்து இருபது முறை அளவில் உருட்டினால், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தெரியாத தகடு கிடைக்கும். ஜூடித் ஸ்கின்னர் என்ற அமெரிக்கக் கலைஞர் பரப்பிய இந்த முறை, அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. திசையை மாற்றி மடித்தால் நிறம் சேறாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: செங்காந்தளின் கிழங்கு முதல் விதை வரை எல்லாப் பாகங்களிலும் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஆகவே அந்தப் பூவைப் பறித்துக் களிமண்ணில் அழுத்தக் கூடாது. தள்ளி நின்று பார்த்து, தாளில் வரைந்துகொண்டு வருவதே போதும்.

வேப்பிலையை எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கும்படி செய்கிறார்கள். வேப்பங்கொத்திலிருந்து ஒரு சிற்றிலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும், முழுவதும் அரிவாள்போலச் சற்று வளைந்தும் இருக்கும். அந்தக் கோணலை விட்டுவிட்டால் அது ஏதோ ஓர் இலை. வைத்துவிட்டால், பார்த்த நொடியிலேயே வேப்பிலை என்று நம் ஊர்ப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். எருக்கம்பூவின் ஐந்து தடித்த இதழ்களும் நடுவில் எழும் முடி போன்ற பகுதியும், மெழுகு தடவியது போன்ற மங்கிய மினுக்கமும், பாலிமர் களிமண்ணில் வார்னிஷ் பூசாமலேயே வந்துவிடுகின்றன. அதன் பால் கண்ணில் படக்கூடாது என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்ததுதான்.

நான் மிகவும் விரும்பிச் செய்வது நீர்மருதின் காய். தாமிரபரணியின் கரையில் நிற்கும் மருத மரங்களுக்கடியில் நடப்பவர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். நீளவாக்கில் ஐந்து விளிம்புகள் இறக்கைபோலப் புடைத்து நிற்கும் அந்தக் காயை, எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒரு தொங்கட்டானின் உருவம் தெரியும். காய்ந்த காயின் பழுப்பு நிறத்துக்கு, ஒரே நிறக் களிமண் போதாது. காவியும் கறுப்பும் சிறிது பச்சையும் முழுவதும் கலந்துவிடாமல் பாதியில் நிறுத்திய கலவையால்தான் அந்த மரத்தன்மை வரும். மரப்பட்டையின் வெளுத்த சாம்பல் நிறத்தையும், பனையோலையின் விசிறி மடிப்பையும், அறுவடைக்கு நிற்கும் நெற்கதிரில் மணிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும் அடுக்கையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகலாம். பறவைகள் வேண்டுமென்றால் கூந்தன்குளத்துக்குப் போகலாம். மஞ்சள்மூக்கு நாரையின் வெள்ளையும் கறுப்புமான இறகுகளுக்குப் பின்னால் தெரியும் இளஞ்சிவப்பு, ஒரு பதக்கத்துக்குப் போதுமான அழகு. காட்டுச் செடிகளுக்காகக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போய் எதையும் பறிக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். தேவையும் இல்லை, வாய்க்கால் கரையிலும் கொல்லை வேலியிலும் இருப்பவற்றையே நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை.

இலையின் நரம்பை அப்படியே பதிய வைக்க, அன்று பறித்த இலையின் அடிப்பக்கத்தைக் களிமண்ணின்மேல் வைத்து உருட்ட வேண்டும். நரம்பு அங்கேதான் புடைத்திருக்கும். ஒட்டாமலிருக்க இலையில் சிறிது தண்ணீர் தடவினாலோ சோளமாவைத் தூவினாலோ போதும்.

இனி, பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலிமர் களிமண் என்பது மண் அன்று. தண்ணீர்க் குழாய்கள் செய்யப் பயன்படும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் நுண்ணிய துகள்களோடு, அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற நீர்மத்தையும், நிரப்புப் பொருளையும், நிறமியையும் சேர்த்துப் பிசைந்தது அது. ஜெர்மனியில் பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசின் குடும்பத்தில் பொம்மைத் தலைகள் செய்வதற்காகப் பார்க்கப்பட்ட ஒரு பொருளிலிருந்து, 1960களில் ஃபிமோ என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது; அமெரிக்காவின் ஸ்கல்ப்பியும் அதே வகையைச் சேர்ந்தது. வெயிலில் காய வைத்தால் இது இறுகாது. நிறுவனத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு அரை மணி நேரம் என்ற அளவில் வைத்திருந்தால்தான், துகள்கள் அந்த நீர்மத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று இணைகின்றன. பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் வெப்பமும் நேரமுமே இறுதியானவை.

வீட்டில் செய்பவர்களின் நகைகள் உடைவதற்கு முதன்மையான காரணம் இந்த வெப்பத்தைச் சரியாகத் தராததுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஓ.டி.ஜி. என்ற மின்சார அடுப்பின் திருகில் 130 என்று வைத்தால் உள்ளே 130 இருக்கும் என்று நம்ப முடியாது. உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று அவசியம். வெப்பம் குறைந்தால் நகை வெளியே கெட்டியாகத் தோன்றும், உள்ளே துகள்கள் இணைந்திருக்காது; வாங்கியவர் வீட்டில் சில மாதங்கள் கழித்து அது விண்டு விழும். சரியாக வெந்த மெல்லிய இதழை ஆறிய பின் சற்று வளைத்தால், ஒடியாமல் வளைந்து கொடுக்கும். விற்பதற்கு முன் ஒவ்வொரு தொகுப்பிலும் ஓர் உதிரித் துண்டை இப்படிச் சோதிக்க வேண்டும். வெப்பம் மிகுந்துவிட்டாலோ ஆபத்து வேறு வகையானது: 175 டிகிரிக்கு மேல் போனால் பி.வி.சி. சிதைந்து, கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். எனவே தோசைக்கல்லில் வாட்டுவதும் தணலில் காட்டுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் கூடவே கூடாது. அடுப்பு எரியும்போது சன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. களிமண்ணுக்கு எடுத்த பூரிக்கட்டையையும் கத்தியையும் தட்டையும் மீண்டும் சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது. இறுகிய நகையைத் தேய்க்கும்போது, தூள் பறக்காதபடி தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளையே பயன்படுத்த வேண்டும். நகப்பூச்சை மெருகுக்காகப் பூசுபவர்கள் உண்டு. அதிலுள்ள கரைப்பான் களிமண்ணை இளக்கிப் பிசுபிசுக்கச் செய்துவிடும் என்பதால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷே நல்லது.

நம் ஊரின் வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் கூரியர் வண்டியில் நாள் முழுவதும் கிடந்து வரும் களிமண், பொட்டலத்துக்குள்ளேயே பாதி இறுகிப்போய்ப் பிசையும்போது உதிரலாம். ஆண்டுக்கு வேண்டியதை மார்கழி, தை மாதங்களில் வாங்கி, வெயில் படாத தரையோர அலமாரியில் வைப்பதே நம் பகுதிக்கு ஏற்றது.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டைக் கண்காட்சி ஒன்றில், பாலிமர் களிமண் காதணிகளுக்கு மேலே, இயற்கைக் களிமண் நகை என்றும் மண்ணில் மக்கும் என்றும் எழுதிய அட்டை தொங்கியதைப் பார்த்தேன். விற்றவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. தமக்குக் கற்பித்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார். ஆனால் இந்தப் பொருள் மண்ணில் மக்காது. எரித்தாலோ டயாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும். நம் கிராமங்களில் கொல்லையில் குப்பையைக் கூட்டி எரிக்கும் பழக்கம் இன்னும் இருப்பதால், உடைந்த துண்டுகளை அந்தக் குவியலில் போடக் கூடாது என்று வாங்குபவருக்கும் சொல்ல வேண்டும். வேகாத துணுக்குகளை வீணாக்காமல் பிசைந்து அடுத்த மணிகளுக்கு உட்கருவாக வைக்கலாம். பிளாஸ்டிக் என்பதற்காக இந்தக் கலையைக் கைவிட வேண்டும் என்பதும் என் கருத்து அன்று. நெடுங்காலம் அழியாத பொருளை எடுக்கிறோம் என்றால், ஒரு மாத நாகரிகத்துக்காக அல்லாமல், ஒருவர் பல ஆண்டுகள் வைத்து அணியும்படியாக, குறைவாகவும் நிறைவாகவும் செய்ய வேண்டும்.

அந்த அட்டையால் பாதிக்கப்படுபவர்கள் வேறு சிலரும் உண்டு. நம் மாவட்டத்துக் காருகுறிச்சியில் இன்றும் மண்பாண்டத் தொழில் நடக்கிறது. குளத்து மண்ணை எடுத்து, கல் நீக்கி, பிசைந்து, காய வைத்து, சூளையில் சுடும் உழைப்பு அது. சுடுமண் நகை செய்பவர்களும் அந்த வழியைப் பின்பற்றுகிறார்கள். மண் என்ற பெயருக்குரிய மதிப்பு அவர்களுடையது. அதை நாம் எடுத்துக்கொண்டால், கீழே விழுந்தால் உடையக்கூடிய அவர்களுடைய உண்மையான மண் நகை, எளிதில் உடையாத நம் நகையோடு விலையிலும் உறுதியிலும் ஒப்பிடப்பட்டுத் தோற்கும். சோளமாவையும் பசையையும் பிசைந்து காற்றில் உலர்த்திச் செய்யும் மூன்றாவது வகையும் களிமண் நகை என்றே விற்கப்படுகிறது. அது தண்ணீர் பட்டால் ஊறிவிடும். மூன்றையும் அறியாமல் வாங்கும் பெண், ஏதோ ஒன்று கெட்டுப்போனதும் கைவினை நகை எதையுமே நம்ப மாட்டார்.

ஆகவே, தங்கள் நாளிதழின் வழியாகச் சிலரிடம் வேண்டிக்கொள்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் கல்லூரி மாணவியருக்கும் இந்தக் கலையைக் கற்பிப்பவர்கள், முதல் வகுப்பைக் காணொளியில் தொடங்காமல், மாணவியரை ஆற்றங்கரைக்கோ வயல் வரப்புக்கோ அழைத்துச் சென்று ஒரே ஓர் இலையை வரையச் செய்து தொடங்க வேண்டும். வெப்பமானி வைத்து வேக வைப்பதைப் பாடத்தின் கட்டாயப் பகுதியாக வைக்க வேண்டும். கண்காட்சி நடத்துபவர்கள், ஒவ்வொரு நகையோடும் ஒரு சிறிய சீட்டு இருக்க வேண்டும் என்று விதிக்க வேண்டும். பாலிமர் களிமண், பி.வி.சி. வகை, கொக்கி என்ன உலோகம், அதில் நிக்கல் உண்டா இல்லையா, எந்தச் செடியைப் பார்த்துச் செய்தது: இவ்வளவு எழுத விரல் அகலத் தாள் போதும். கொக்கியின் விவரம் சிறியதாகத் தோன்றலாம். நிக்கல் ஒவ்வாத காதுகளுக்கு நம் ஊர் வியர்வையில் அது புண்ணாகும் விஷயம்.

தங்கள் செய்தியாளர்கள் இத்தகைய கண்காட்சிகளைப் பற்றி எழுதும்போதும், படத்தின் கீழ் களிமண் நகைகள் என்று பொதுவாகக் குறிப்பிடாமல், சுடுமண்ணா, பாலிமரா என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டு அச்சிட்டால் பேருதவியாக இருக்கும். தீபாவளிக்கு முந்தைய கண்காட்சிகளுக்கான ஏற்பாடுகள் தொடங்கும் முன்பே இக்கடிதத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.